கோபத் தாள்

ராஜமன்னார் அழுதார். ஜெசிந்தா அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

சொன்னபோது யாரும் நம்பவில்லை. "யாரு, வெண்கரை கெமிக்கல்ஸ் முதலாளி ராஜமன்னாரா? சும்மா கதை விடாத" என்றார்கள். தூத்துக்குடியில் அவரைத் தெரிந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? சொந்த அண்ணன் இறுதிச் சடங்கிலேயே காதில் போனை வைத்துக்கொண்டு வியாபாரம் பேசிய மனுஷன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

ஆனால் வந்தது. முத்துக்கரை கலைவிழாவின் தொடக்க நாள். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய உப்புக் கிடங்கு. அதன் கடைசிக் கூடத்தில் ஜெசிந்தா எழுப்பிய உப்புச் சுவர் இருபதடி நீளத்துக்கு நின்றது. உப்பளப் பாத்தியில் வாரிய உப்பைக் கெட்டித்து, அதில் பதினோரு பெண்களின் பெயர்களைக் குடைந்து, குடைந்த எழுத்துக்குள் இரும்புத் தூளை அடைத்திருந்தாள். கடல் காற்றில் உப்பு கசியும். கசிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். நாளுக்கு நாள் ஒவ்வொரு பெயரிலிருந்தும் செம்பழுப்பாய் ஒரு கோடு கீழே இறங்கும். நாற்பது நாள் விழா முடியும்போது சுவரின் பாதி சிவந்துவிடும் என்பது அவள் கணக்கு.

ராஜமன்னார் அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். மூன்று நிமிடம் இருக்கும். பெயர்களை மேலிருந்து கீழே படித்தார். மாரிச்செல்வி என்ற பெயருக்கு வந்தபோது அவர் உதடு கோணியது. விழாவுக்கு வருகிற எல்லாருக்கும் மாட்டிவிடும் கண்ணாடியைக் கழற்றாமலே கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் ஈரம் பளபளத்தது. பக்கத்தில் போய் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்கவேண்டும் போலிருந்தது ஜெசிந்தாவுக்கு. தாமோதரன்தான் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"விடு ஜெசி. மனுஷன் கொஞ்ச நேரம் தனியா நிக்கட்டும்."

தாமோதரன் அந்த விழாவின் இயக்குநர். அவளுக்குப் பதினெட்டு வருஷச் சிநேகிதன். அவன் சொன்னால் ஜெசிந்தா கேட்பாள். கேட்டாள்.

அன்று சாயங்காலமே மாரிச்செல்வியின் அம்மா பேச்சியம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, பாத்துட்டாரு. மாரி பேரைப் பாத்துட்டு அழுதாரு அக்கா. என் கண்ணால பாத்தேன்."

மறுமுனையில் மூக்கைச் சிந்தும் சத்தம். "போதும் தங்கச்சி" என்றாள் பேச்சியம்மாள். "ஆறு வருசத்துக்கு அது போதும்."

அந்த ஆறு வருஷக் கதையைச் சொல்லிவிடுகிறேன். வெண்கரை கெமிக்கல்ஸில் ஒருநாள் காலையில் ஒரு தொட்டி வெடித்தது. உப்பளத்திலிருந்து ஒப்பந்தக் கூலிக்குப் போயிருந்த பதினோரு பெண்கள் அந்த இடத்திலேயே செத்துப்போனார்கள். கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை, வேலி தாண்டி விறகு பொறுக்க உள்ளே வந்தவர்கள் என்றது. வருகைப் பதிவில் ஒருத்தி பெயரும் இல்லை. மேஸ்திரி எவனோ, பதிவேடு எங்கேயோ. பத்துக் குடும்பங்கள் அலைந்து ஓய்ந்தன. பேச்சியம்மாள் மட்டும் விடவில்லை. "எம்மவ திருடப் போகல, வேலைக்குப் போனா. அத அவன் வாயால சொல்லணும்" என்று கோர்ட்டில் மனுப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறினாள். இந்தச் சுவருக்காக ஜெசிந்தா அவளிடம் போனபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த ஆளு கண்ணு முன்னால எம்புள்ள பேரு ஒரு தடவ நிக்கணும். செய்வியா?" ஜெசிந்தா அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சத்தியத்தைக் காப்பாற்றியாகிவிட்டது. அந்த நினைப்பில்தான் நான்கு நாள் அவள் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

ஐந்தாம் நாள் உப்பளத்திலிருந்து பஸ் வந்தது. பதினான்கு பெண்கள். ஜெசிந்தாவே ஏற்பாடு செய்த பஸ். எல்லாரும் பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சேலை கட்டி, கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார்கள். அது பவுசுக்குப் போட்டதில்லை. வெயிலில் உப்புப் பாத்தியின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பார்வை கெட்டவர்கள். வெளிச்சம் பட்டாலே கண் கூசி நீர் கொட்டும்.

பேச்சியம்மாள் இறங்கியதும் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"நேத்து கம்பெனி ஆளுவ வீட்டுக்கு வந்தாவ தங்கச்சி. ரொம்ப மரியாதையாப் பேசுனாவ. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"எதுல அக்கா?"

"மனுவ வாபஸ் வாங்குததுக்கு. இனிமே எந்தக் கோர்ட்டுலயும் கேக்க மாட்டேன்னு எழுதியிருந்துச்சாம். வக்கீலு வேண்டாம் வேண்டாம்னு குதிச்சாரு. நாந்தான் சொன்னேன், அழுத மனுசனப் போயி இன்னும் எதுக்குய்யா கோர்ட்டுக்கு இழுக்கணும்னு."

வக்கீல் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று ஜெசிந்தா சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எதைச் சொல்ல? ஆறு வருஷமாக இறுகிக் கிடந்த முகம். "நல்லதுதான் அக்கா" என்று சொல்லி அவர்களை வாசலுக்கு அழைத்துப் போனாள்.

வாசலில் பெரிய பலகை: 'இங்கே எந்தப் படைப்புக்கும் தடை இல்லை.' தாமோதரனின் பெருமையே அதுதான். வேறு ஊர்களில் ஓவியங்களுக்குத் துணி போர்த்தினார்கள், நாடகத்தைப் பாதியில் நிறுத்தினார்கள், சிற்பத்தை இரவோடு இரவாகத் தூக்கினார்கள். முத்துக்கரையில் நான்கு வருஷமாக ஒரு போராட்டம் இல்லை, ஒரு வழக்கு இல்லை. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. வந்தவர்கள் செய்யவேண்டியதெல்லாம், நுழைவுச் சீட்டுக்குப் பதிலாகத் தரும் விழாக் கண்ணாடியைப் போட்டுக்கொள்வது. போட்டதும் ஒரு நிமிடம் முப்பது படங்கள் காட்டி அளவெடுக்கும். பிறகு உங்கள் மொழியில் விளக்கம் சொல்லும், சின்ன எழுத்தைப் பெரிதாக்கும். எல்லாருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஜெசிந்தாவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

வாசலில் இருந்த பெண் பேச்சியம்மாளுக்குக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள். கழற்றினாள். வேறொன்றை மாட்டினாள்.

"அளவெடுக்க முடியலை மேடம். இவங்க கண்ணைப் படிக்க மாட்டேங்குது. அடுத்தவங்களுக்கும் அப்படியே வருது."

"அப்ப கண்ணாடி இல்லாம விடுங்க."

"விட முடியாது மேடம், ரூல் இருக்கு."

"உள்ள இருக்கிறது அவங்க வீட்டுப் பொண்ணுங்க பேரும்மா!" ஜெசிந்தா போட்ட சத்தத்தில் வரிசை திரும்பிப் பார்த்தது. "நாப்பது மைலு வெயில்ல வந்தவங்களைத் திருப்பி அனுப்புவியா நீ? கூப்பிடு உன் டைரக்டரை!"

டைரக்டர் மீட்டிங்கில் இருந்தார். அந்தப் பெண் கையைப் பிசைந்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். அவர்களுக்கு இல்லாத கண்ணாடி தனக்கு எதற்கு என்று ஜெசிந்தாவும் தன்னுடையதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். விழா தொடங்கிய பிறகு வெறுங்கண்ணோடு அந்தக் கூடத்துக்குள் அவள் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை.

பெண்கள் சுவரைக் கண்டதும் நின்றுவிட்டார்கள். பெயர்களின் கீழே துரு ஒரு சாண் இறங்கியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். ஒருத்தி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பேச்சியம்மாள் அழவில்லை. மகள் பெயரின் முதல் எழுத்தை விரலால் தொட்டு, ஒட்டிய துருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பக்கத்தில் களுக்கென்று ஒரு சிரிப்பு.

கல்லூரிப் பெண் ஒருத்தியும் அவளோடு ஒரு பையனும் சுவருக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மாரிச்செல்வியின் பெயருக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்து உதட்டைக் குவித்தாள்.

"ஏட்டி!" பேச்சியம்மாளின் குரல் கூடத்தையே உலுக்கியது. "செத்தவ பேரு பக்கத்துல நின்னு இளிச்சிக்கிட்டு நிக்க? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அந்தப் பெண் பதறிப்போனாள். "சாரிங்க... என்ன பேருங்க? அழகா பறவைங்க இருக்கேன்னுதான்..."

"பறவையா?" என்றான் பையன். "எனக்குப் பாய்மரப் படகுல்ல தெரியுது?"

"படகா? எங்கே?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. "ஒரு நிமிஷம் குடும்மா" என்று அந்தப் பெண்ணின் கண்ணாடியை வாங்கித் தன் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

சுவர் இருந்தது. வெள்ளைவெளேரென்று உப்பு இருந்தது. பெயர்கள் இல்லை. பெயர் இருந்த இடங்களில் பூநாரைகள் நின்றன. கீழே வழியும் துரு மெல்லிய சிவப்புக் கால்களாகியிருந்தது. எண்ணினாள். பதினொன்று.

நான்கு நாள் அவள் காதில் விழுந்த பாராட்டெல்லாம் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தது. 'மனசுக்கு இதமா இருக்கு மேடம்' என்று கைகொடுத்த டாக்டர். 'குழந்தைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது' என்ற டீச்சர். சே, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

"அக்கா, எல்லாரையும் கூட்டிட்டு வெளிய டீக்கடையில இருங்க. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் ஏறினாள்.

மீட்டிங் முடிந்து தாமோதரன் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான். பதினெட்டு வருஷப் பழக்கம். கேட்காமலே தெரிந்துவிட்டது அவனுக்கு.

"என் சுவரை எத்தனை பேர் பாத்திருக்காங்க தாமு?"

"நேத்து வரைக்கும் நாலாயிரத்துக்கு மேல."

"பேரைப் பாத்தவங்க?"

அவன் மேசையைப் பார்த்தான். "முப்பத்தெட்டு பேர்."

"அந்த முப்பத்தெட்டு பேர் யாரு?"

"பார்த்தாலும் கோபம் வராதவங்க. ஏற்கெனவே உன் பக்கம் இருக்கிறவங்க."

ஜெசிந்தா உட்கார்ந்தாள்.

"நான் எதையும் தடை பண்ணலை ஜெசி" என்றான் தாமோதரன். குரல் தணிந்திருந்தது. "உன் படைப்பு மேல ஒரு கை படலை. ஒரு எழுத்தை அழிக்கலை. நீ நினைச்சபடியே நிக்குது, நாப்பது நாளும் நிக்கும். எவனுக்கு எதைப் பார்த்தா ரத்தம் கொதிக்குமோ, அவனுக்கு அது மட்டும் வேற மாதிரி தெரியும். அவ்வளவுதான். அளவெடுக்கறப்பவே கண்ணாடி அந்த ஆளைப் புரிஞ்சுக்கும்."

"ஆளைப் புரிஞ்சுக்கும் சரி. என் படைப்புல எது எவனைச் சுடும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அது... சொல்லிக் குடுத்தாத்தான் தெரியும்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

அவன் பார்வை அலமாரிப் பக்கம் போய் வந்தது. அங்கே ஒரு நீல ஃபைல். ஜெசிந்தா எழுந்து போய் எடுத்தாள். திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோபத் தாள்கள். பதினெட்டு வருஷத்துத் தாள்கள் அத்தனையும்.

மதுரையில் அவளுடைய முதல் கண்காட்சியில் ஒரு கும்பல் புகுந்தது. ஓவியங்களைக் கிழித்தார்கள். குறுக்கே விழுந்த வாட்ச்மேன் குருசாமியின் தலையில் கல் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே, தாமோதரன் மடியில், அவர் உயிர் போனது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு கண்காட்சிக்கும் முன்னால் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு தாளில் மூன்று கட்டம் போடுவது. 'யாருக்குக் கோபம் வரும்', 'ஏன்', 'நம் பதில்'. ஜெசிந்தாவைவிட அதில் கெட்டிக்காரி கிடையாது. எந்தச் சாதிச் சங்கம் எந்த நிறத்துக்குச் சண்டைக்கு வரும், எந்தச் சாமியார் எந்தக் கோட்டுக்குக் கத்துவார், எந்த அதிகாரி எந்த வார்த்தைக்கு நோட்டீஸ் அனுப்புவார் என்று நுணுக்கி நுணுக்கிச் சொல்வாள். தாமோதரன் வயிறு வலிக்கச் சிரிப்பான். சிரித்துக்கொண்டே பதில்களைத் தயார் செய்வார்கள். கல் வந்தால் எதிர்த்து நிற்பதற்காக எழுதிய தாள்கள் அவை.

"இதையா குடுத்த?" அவள் குரல் உடைந்தது. "இதைப் போயா குடுத்த? பாவி, நம்பி உன்கிட்ட வாய்விட்டுச் சொன்னதுடா இது. என் கையெழுத்துடா!"

"குருசாமி அண்ணன் என் மடியில செத்தாரு." அவன் கண்ணும் சிவந்திருந்தது. "அவருக்கு உன் ஓவியத்துல ஒரு கோடாவது புரிஞ்சிருக்குமா? வேலைக்கு வந்த மனுஷன். அவர் சம்சாரம் என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டப்ப என்கிட்ட பதில் இல்லை. இந்த நாலு வருஷமா ஒரு கல் விழலை. எந்த வாட்ச்மேனும் சாகலை. சொல்லு, நான் பண்ணினது தப்பா?"

"அன்னைக்குக் கிழிச்சானே, அவன்கூட என் ஓவியத்தைப் பாத்துட்டுத்தான் கிழிச்சான் தாமு."



ஜெசிந்தாவுக்கு அப்போது ராஜமன்னார் நினைப்பு வந்தது. ஒரே ஒரு பிடிமானம் மிச்சம் இருந்தது. "சரி, ராஜமன்னார்? அவர் அழுதாரே? அவருக்கு மட்டும் பேரைக் காட்டினியா? இல்ல, பறவையைப் பாத்தா அழுதாரு?"

தாமோதரன் டீ டம்ளரை எடுத்தான். குடிக்கவில்லை. திரும்ப வைத்தான்.

அவள் ஃபைலின் கடைசித் தாளைத் தேடி எடுத்தாள். உப்புச் சுவருக்கான தாள். ஒன்பது வரிசை அவள் எழுதியது. முதலாளி, ஒப்பந்தக்காரர், மந்திரி, தொழிற்சாலை ஆய்வாளர் என்று போயிற்று. பத்தாவது வரிசை அவள் எழுதியதில்லை. தாமோதரனின் சாய்ந்த கையெழுத்து.

யாருக்கு: ஜெசிந்தா.

ஏன்: ராஜமன்னார் கண்டுகொள்ளாமல் போனால் மேடையிலேயே சத்தம் போடுவாள்.

பதில்: அவர் அழுவார்.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அன்னைக்கு ஃபேன் ஓடலை" என்றான் தாமோதரன், தாளைப் பார்க்காமல். "அவருக்கு வேர்த்துச்சு. முகத்தைத் துடைச்சார். மிச்சத்தை உன் கண்ணாடி உனக்குப் போட்டுக் காட்டிச்சு."

"எவ்வளவு நேரம் நின்னாரு?"

"இருபது செகண்ட் இருக்கும். போன் வந்துது, போயிட்டார்."

"நான் மூணு நிமிஷம் பாத்தேனே."

"நீ பார்த்துக்கிட்டு இருந்தப்ப அவர் காருக்குப் போயிட்டாரு ஜெசி."

அதனால்தான் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். பக்கத்தில் போயிருந்தால் வெறும் காற்றுதான் இருந்திருக்கும். நான்கு நாள் யாரிடமெல்லாம் சொன்னாளோ அத்தனை பேர் முகமும் அவள் முன்னால் வந்தது. கடைசியாக அந்தத் தெளிந்த முகம்.

"பேச்சியக்கா மனுவை வாபஸ் வாங்கிட்டா. தெரியுமா உனக்கு?"

தாமோதரன் நிமிர்ந்தான். முகம் வெளுத்துப்போயிற்று. "என்ன?"

"அவர் அழுதாருன்னு நான் சொன்னேன். அதை நம்பி நேத்து கையெழுத்துப் போட்டுட்டா. இனி எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. ஆறு வருஷம் தாமு. ஒத்தையா நின்னவ."

"சத்தியமா எனக்குத் தெரியாது ஜெசி. இப்படி ஆகும்னு நான்..."

"தெரியாதுதான். உன் தாள்ல இல்லையே அது."

அவன் எழுந்து வந்து அவள் எதிரே நின்றான். கெஞ்சுகிற மாதிரிப் பேசினான். "சொல்லாத. கேளு, சொல்லாத அவங்ககிட்ட. எப்படியும் அந்தக் கேஸ் ஜெயிக்கறது கஷ்டம்னு நீயே சொல்லியிருக்க. ஆறு வருஷம் கழிச்சு இப்பதான் அந்த அம்மா நிம்மதியாத் தூங்கறாங்க. அதையும் பிடுங்கி என்ன பண்ணப் போற? அவங்களுக்காகவாவது விட்டுடு."

சண்டாளன், அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. படியிறங்கும்போது ஜெசிந்தா அதைத்தான் யோசித்தாள். சொல்லாமல் இருந்தால் என்ன? பேச்சியக்காவுக்கு எது வலிக்குமோ அதை மட்டும் மறைத்துவிட்டால்? அவள் பாட்டுக்கு அந்த மூன்று நிமிடத்தை நினைத்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள். கடைசிப் படியில் கால் வைத்தபோதுதான் தான் என்ன யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன் மேலேயே அருவருப்பு வந்தது. கையில் அந்தத் தாள் இன்னும் கசங்கிக்கொண்டிருந்தது.

டீக்கடை நிழலில் பெண்கள் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் அவர்களுக்காக அவள் வாங்கி வைத்திருந்தது. பேச்சியம்மாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தா தங்கச்சி, நீ ஒண்ணும் திங்கலியே."

ஜெசிந்தா வாங்கவில்லை. அவளைத் தனியே கூப்பிட்டு, பஸ்ஸின் மறுபக்கம் நிறுத்தி, சொன்னாள். பறவைகளைச் சொன்னாள். கண்ணாடியைச் சொன்னாள். தாளைச் சொன்னாள். அவர் அழவில்லை என்பதைக் கடைசியாகச் சொன்னாள்.

மக்ரூன் பேச்சியம்மாள் விரலில் நொறுங்கி மண்ணில் உதிர்ந்தது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"உங்கண்ணால பாத்தேன்னுதான போன்ல சொன்ன?"

"கண்ணாடி வழியா பாத்தேன் அக்கா."

"அதச் சொல்லலியே நீ."

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வந்தது. அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

"அவன் பேரப் பாக்கவே இல்ல."

"இல்ல அக்கா."

"அப்போ நான் யாருக்காகக் கையெழுத்துப் போட்டேன்?" சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "அந்த வக்கீலு கால்ல விழாத குறையாச் சொன்னாரே. ஒன்ன நம்பிப் போட்டேன் தங்கச்சி."

பஸ்ஸுக்குள் யாரோ சன்னலைத் திறந்து, "மைனி, கெளம்புவமா?" என்றாள். பேச்சியம்மாள் கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னாள்.

"அந்தத் தாளு இதானா? படி."

ஜெசிந்தா படித்தாள். முதலாளி. ஒப்பந்தக்காரர். மந்திரி. ஒவ்வொன்றாக, ஏன் கோபம் வரும், என்ன பதில் என்று பத்து வரிசையும் படித்து முடித்தாள்.

"எம்பேரு எதுல இருக்கு?"

"இல்ல அக்கா."

"மாரி அப்பா பேரு? பஸ்ஸுல இருக்காளுவளே, அவளுவ பேரு?"

"இல்ல."

"ஊருல இருக்க அத்தன பேரு கோவத்தையும் எழுதியிருக்கிய." பேச்சியம்மாள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வெயிலில் கண் உடனே கலங்கி நீர் கட்டியது. துடைக்காமல் அவளைப் பார்த்தாள். "எங்களுக்குக் கோவம் வராதுன்னு நெனச்சிட்டியளோ?"

பதினெட்டு வருஷம், பதினான்கு கண்காட்சிகள். யாருடைய கதையை வாங்கி ஜெசிந்தா சுவரில் ஏற்றினாளோ, அவர்களை ஒரு தாளிலும் அவள் எழுதியதில்லை.

"பேனா வச்சிருக்கியா?"

"இருக்கு."

"எழுது. பதினோராவதா எம்பேர எழுது."

பஸ்ஸின் தகரத்தில் தாளை வைத்து ஜெசிந்தா எழுதினாள். 'யாருக்கு' என்ற கட்டத்தில் பேச்சியம்மாள் என்று எழுதினாள்.

"அடுத்த கட்டத்துல என்ன போடணும்?"

"ஏன் கோபம்னு."

"ஜெசிந்தா சொன்னத நம்புனேன். அப்பிடிப் போடு."

எழுதினாள்.

"இன்னொரு கட்டம் இருக்கே. அது என்னது?"

"நம்ம பதில் அக்கா."

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஜெசிந்தா பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். பேச்சியம்மாள் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தாள். பிறகு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.